பட்டையும் கட்டையும்

நான் நாலாவது படித்த வருஷம் அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். ஏன் பேச்சு நின்றது என்று அம்மாவைக் கேட்டால் கிரகப்பிரவேசத்தில் நடந்தது என்பாள். மாமா வீட்டில் அத்தையைக் கேட்டால் மஞ்சள் நீராட்டில் நடந்தது என்பாள். இரண்டு விசேஷத்துக்கும் நான் போயிருந்தேன். இரண்டிலும் இலையில் என்ன வைத்தார்கள் என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது.

இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டி, பழைய பிக்கப். பேச்சு இருந்த காலத்தில் கூட்டாக வாங்கியது. காலையில் அப்பா மேல்விஷாரத்துத் தோல் ஷெட்டில் சரக்கு ஏற்றி ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குக் கொண்டுபோவார். மதியத்துக்கு மேல் மாமா குடியாத்தம் லுங்கிக் கட்டுகள் ஏற்றுவார். சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். சேதி என் வாயில் தொங்கும். “டீசல் கம்மியா இருக்குன்னு மாமாகிட்ட சொல்லு.” “பின் டயர்ல காத்து இல்லன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.” இரண்டு பேர் சட்டைப் பையிலும் போன் இருந்தது. அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஷெட்டுக்குப் போகும் சந்தில் சிமெண்டு ரோடு போட்டு, கேட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடையும் கட்டிவிட்டார்கள். கன்றுக்குட்டி படுத்திருப்பதுபோல அத்தனை உயரம். சரக்கோடு வெளியே வரும்போது எங்கள் வண்டியின் வயிறு அதில் உரசியது. ஒருநாள் சைலன்சர் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் வண்டி ஒழுங்காக வந்து போகாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக ஷெட் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. புது வண்டிக்கு வழியில்லை. இருக்கிற வண்டியைக் கம்மிச் செலவில் உயர்த்தியாக வேண்டும்.

உயர்த்துவதற்கு வேண்டிய சாமானையெல்லாம் என் வாய் வழியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

“ஷாக் மாத்தணும்னு சொல்லு” என்றார் அப்பா. பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டார் சுவிட்சில் கை வைத்து ஷாக் அடித்து விழுந்ததை நான் பார்த்திருந்தேன். அதைக் காசு கொடுத்து வேறு வாங்குவார்களா? இரண்டு நாள் வண்டிக் கதவைத் தொடவே இல்லை. அம்மா விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கினால் ஸ்பிரிங் பந்துபோலக் குதிக்கும், அந்தக் குதிப்பைப் பிடித்து அடக்குவதுதான் ஷாக் என்று அப்பா கையை ஆட்டிக் காட்டினார். வண்டியை உயர்த்தினால் பழைய ஷாக் எட்டாதாம், நீளமானது வேண்டுமாம். புதியதா, வேலூரில் காயலான் கடையில் பழையதா என்று நாலு தடவை என்னை நடக்கவிட்டார்கள். பழைய ஷாக்கில் எண்ணெய் கசியும் என்றார் அப்பா. புதியதில் மட்டும் கசியாதா என்றார் மாமா. கடைசியில் புதியது என்று முடிவானது. இரண்டு அங்குலம் உயர்த்துவதற்கு ஏற்ற நீளத்தில் அப்பாவே வாங்கிவந்தார்.

அடுத்தது பின்பக்கம். அங்கே இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங். உயர்த்த இரண்டு வழி இருந்தது. அடுக்கில் இன்னொரு பட்டை சேர்க்கலாம். இல்லை, அடுக்குக்கும் அச்சுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டை வைக்கலாம். “பட்டை சேக்கலாம், கட்டை வேணாம்னு சொல்லு” என்று அப்பா அனுப்பினார். மறக்கக்கூடாது என்று பட்டை, கட்டை, பட்டை, கட்டை என்று காலுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். முனையில் நாய் குரைத்தது. ஓடினேன். மாமா வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றபோது எந்தக் காலில் எது இருந்தது என்று தெரியவில்லை.

“இன்னா சொன்னாரு உங்கப்பா?”

“கட்டை” என்றேன்.

மாமா யோசித்தார். “சரி, அவர் சொல்றாப்பலயே ஆவட்டும்னு சொல்லு” என்றார். அதை மட்டும் தப்பில்லாமல் கொண்டுவந்து சேர்த்தேன். அப்பாவுக்குப் பரம சந்தோஷம்.

சனிக்கிழமை காலையில் அப்பா மெக்கானிக் பாயிடம் வண்டியை விட்டு, பட்டையையும் ஷாக்கையும் கொடுத்துவிட்டு வந்தார். மத்தியானம் மாமா தனியாகப் போய் இரண்டு கட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தார். பாய் எல்லாவற்றையும் மாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வண்டி எடுக்கப் போனேன். தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு மாதிரி மூக்கு கீழே, பின்பக்கம் ஆகாயத்தில் என்று வண்டி நின்றது.

“இன்னா பாய் இது?”

“எனக்கும் சந்தேகம்தான். உங்க மச்சானைக் கேட்டேன். எல்லாம் நீங்க சொன்னதுதான்னாரு.”

அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சரக்கு ஏறினால் அமுங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார். ஓட்டிப் பார்க்க ஷெட் சந்துக்கே போனோம். வேகத்தடையில் வயிறு உரசாமல் ஏறியது. நான் கைதட்டினேன். இறங்கும்போது பின்னால் டமார் என்று ஒரு சத்தம். ஷாக் நீளம் போதாமல் இழுபட்டு, அதன் போல்ட் ஒன்று முறிந்திருந்தது.

விடிந்தால் திங்கட்கிழமை. பாய் வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் என்பதால் திரும்பிப் போயும் பயனில்லை. அப்பா வண்டியை ஓரம்கட்டிவிட்டுச் சந்தில் முன்னும் பின்னும் நடந்தார். பிறகு போனை எடுத்து மாமா நம்பரைப் போட்டு, என் காதில் வைத்தார். “வண்டி நின்னுடுச்சுன்னு சொல்லு.”

மாமா ஸ்பேனர் பையோடு டிவிஎஸ்ஸில் வந்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்கள். நான்கு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ரொம்ப நேரம் இரும்புச் சத்தம்தான். பிறகு மாமாவின் குரல் கேட்டது.

“மாப்ள, அந்த பதினேழாம் நம்பர் ஸ்பேனர தள்ளு.”

ஏழெட்டு மாசத்துக்குப் பிறகு அந்த ‘மாப்ள’. தொடர்ந்து அப்பா பேசினார்.

“கட்டைய யாரு வெக்க சொன்னது?”

“நீதான சொல்லி அனுப்பன?”

“நான் பட்டைன்னு இல்ல சொன்னேன்?”

இந்தப் பக்கம் ஒரு தலையும் அந்தப் பக்கம் ஒரு தலையும் வெளியே வந்து என்னைப் பார்த்தன. இரண்டிலும் கிரீஸ். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது தலைகள் உள்ளே போயிருந்தன. அடியிலிருந்து, இருமலா சிரிப்பா என்று சொல்லமுடியாத ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

கட்டைகளைக் கழற்றிவிட்டுப் பட்டையை மட்டும் விட்டார்கள். முறிந்த போல்ட்டுக்குப் பதிலாக மாமாவின் பையில் ஒன்று இருந்தது. வண்டி மட்டமாக, முன்னைவிடக் கொஞ்சம் உயரமாக நின்றது. அதுவரை இருவரும் பேசியபடியே இருந்தார்கள். ஸ்பிரிங், வாடகை, அம்மாவின் முட்டிவலி, மாமா பையனின் கணக்குப் பாடம் என்று ஏதேதோ. சண்டை தீர்ந்துவிட்டது, இனி எனக்கு நடை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இருவரும் வெளியே வந்து, எழுந்து, ஒரே துணியில் கை துடைத்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

“மாமாவ வீட்டுக்கு வந்து சாப்ட்டுப் போவ சொல்லு.”

மாமா ஒரு முழ தூரத்தில்தான் நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், “வேலை கெடக்குன்னு சொல்லு” என்றார்.

“ஞாயித்துக்கெழம இன்னா வேலைன்னு கேளு.”

“கறி எடுத்துருக்காங்களான்னு கேளு.”

“எடுத்தாச்சுன்னு சொல்லு.”

மாமா டிவிஎஸ்ஸைத் தூக்கிப் பின்னால் போட்டார். அப்பா ஒரு கை கொடுத்தார். என்னை நடுவில் உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கமாக ஏறிக் கதவைச் சாத்தினார்கள். வேகத்தடையில் வண்டி மெத்தென்று ஏறி மெத்தென்று இறங்கியது. இருவரும் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு சேதியையும் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மாமா எப்படி வண்டியில் ஏறினார் என்று வீடு வரும்வரை யோசித்தும் எனக்குப் புரியவில்லை.