நல்லெண்ணெய் தேய்த்த சைக்கிள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் மலாயாவின் ஜொகூர் பாருவில் குமாஸ்தாவாக இருந்தேன். அந்த நாளில், ஊரிலேயே ஒழுங்காகச் சைக்கிள் ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான் என்று மனப்பூர்வமாக நம்பினேன். இடது ஓரத்தை விட்டு விலக மாட்டேன். காற்சட்டை சங்கிலியில் மாட்டாமல் இருக்கக் கணுக்காலில் கிளிப் போட்டுக்கொள்வேன். மழை பெய்த மறுநாள் சாலை வழுக்கும் என்று கால் மணி முன்னதாகவே கிளம்பிவிடுவேன். இவ்வளவும் சரி. இதற்கெல்லாம் மேலாக, யாரைக் கண்டாலும் மணி அடிப்பேன். கோழி குறுக்கே வந்தாலும் மணி, குடை பிடித்தவர் வந்தாலும் மணி.

வீடு மேட்டில், ஆபீஸ் கடற்கரைச் சாலையில். நடுவில் ஒரு நீண்ட சரிவு. சரிவின் அடியில் முச்சந்தி. கடலுக்குக் குறுக்கே சிங்கப்பூருக்குப் பாலம் கட்டிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சிங்கப்பூரிலிருந்து மோட்டார்கள் நேரே ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. அன்னாசி ஏற்றிய லாரி, ரப்பர் தகடு ஏற்றிய லாரி, மாட்டு வண்டி, தோளில் காவடி போட்டுக் காய்கறி விற்கும் சீனர்கள், ரிக்‌ஷாக்கள், எல்லாம் அந்த முச்சந்தியில்தான் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். எனக்கு லாரியைவிட ரிக்‌ஷாமேல்தான் கோபம் அதிகம். லாரிக்காரனைத் திட்டினால் அவன் காதில் விழாது. ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்ப்பார், பேசாமல் போவார். திட்டுவதற்கு வசதியான ஆள் என்பதைத் தவிர அந்தக் கோபத்துக்கு வேறு காரணம் இருந்ததாக இப்போது தோன்றவில்லை.

அந்த வருஷம்தான் சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கியிருந்தேன். ஆயுத பூஜை வந்தது. ஆபீஸிலிருந்து திரும்பியதும் வண்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவித் துடைத்தேன். பிறகு, வீட்டில் நல்லெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன். மனைவி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். நான் கைப்பிடியில் தொடங்கி, கம்பி கம்பியாக, சக்கரத்தின் இரும்பு வளையம் வரைக்கும் வழித்து வழித்துத் தேய்த்தேன்.

"ஏங்க, இது என்ன தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையா? இந்தத் தேய் தேய்க்கிறீங்க" என்றாள்.

"துருப் பிடிக்காது. உனக்கென்ன தெரியும்?"

"எண்ணெய் தேச்சா சீயக்காய் போட்டு ஊத்தணும். அதும் உங்களுக்குத் தெரியுமில்ல?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கைப்பிடியில் ஒரு முழம் சாமந்தி சுற்றி, கற்பூரம் காட்டினேன். வண்டி பளபளத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த வண்டியை நல்ல நேரம் பார்த்து வெளியே எடுத்தேன். மேட்டுச் சாலை சமதரைதான், மிதித்தால் போகும், மிதிப்பதை நிறுத்தினால் நிற்கும். அங்கே பிரேக்குக்கு வேலையே இல்லை. சரிவில் இறங்கியபோது வழக்கம்போல இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தேன். வேகம் குறையவில்லை. இறுக்கிப் பிடித்தேன். இரண்டு பக்கமும் பிரேக் கட்டை வளையத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது, சக்கரம் அதைச் சட்டை செய்யாமல் ஓடியது.

முச்சந்தியில் ஒரு ரிக்‌ஷாக்காரர் காலி வண்டியோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். விடாமல் மணி அடித்தேன். அவர் என்னைப் பார்த்தார், நடுச்சாலையில் அப்படியே நின்றார். நான் நேரே போய் அவருடைய வண்டிச் சக்கரத்தில் மோதினேன். ரிக்‌ஷா திரும்பி, அதன் ஏர்க்கால் அவரை இடித்துக் கீழே தள்ளியது. நான் அந்தப் பக்கம் போய் விழுந்தேன்.

எழுந்ததும் நான் செய்த முதல் காரியம் கத்தியதுதான். கண் தெரியாதா, காது கேட்காதா, நடுச்சாலையில் நிற்பாயா என்று தமிழிலும் மலாயிலும் கத்தினேன். என் தாடையில் ரத்தம். அவருக்கு முழங்கை தோலுரிந்து, முழங்கால் வீங்கிக்கொண்டிருந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கும். கூட்டம் கூடியது. மலாய்க்காரப் போலீஸ் ஒருவர் வந்தார். ஊரில் அவர்களை மாத்தா மாத்தா என்போம். அவர் என் கோட்டையும் காலணியையும் பார்த்தார். பிறகு என்னிடம்தான் முதலில் கேட்டார்.

"குறுக்கே வந்து நின்றுவிட்டான்" என்று நல்ல மலாயில் சொன்னேன்.

ரிக்‌ஷாக்காரரிடமும் கேட்டார். அவர் சந்தை மலாயில் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். "லோச்செங் சாயா டெங்கார். சாயா பெரந்தி. துவான் தா பெரந்தி." மணியைக் கேட்டேன், நான் நின்றேன், இந்த ஐயாதான் நிற்கவில்லை என்று அர்த்தம். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மாத்தா மாத்தா ரிக்‌ஷாவின் நம்பர் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை இருவரும் ஸ்டேஷனுக்கு வரவேண்டும், என் வார்த்தையை அங்கே எழுதிய பிறகு தகட்டைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்று முடிவாகும் என்றார். தகடு இல்லாமல் அவர் ரிக்‌ஷா இழுக்க முடியாது. அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான் என்பது பார்த்தாலே தெரிந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆபீஸ் போனேன். வாசலில் வண்டியைச் சாய்த்தபோது கை வழுக்கியது. கைக்குட்டையால் துடைத்தேன், நல்லெண்ணெய் வாசனை வந்தது. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பிரேக்கை அழுத்தினேன். அது பாட்டுக்குச் சுற்றியது. அந்த மனுஷர் சொன்னது அத்தனையும் நிஜம். என் மணியை நம்பி அவர் நின்றிருக்கிறார். நிற்கிற ஆளைச் சுற்றிக்கொண்டு போவேன், இல்லையென்றால் வண்டியை நிறுத்துவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். யாரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அன்று முழுக்க ஆபீஸில் அனுதாபம். இந்த ரிக்‌ஷாக்காரர்களே இப்படித்தான் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். தலையாட்டும்போது வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஆட்டினேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பொய் சொன்னவன் என்று என் பெயர்தான் ஸ்டேஷனில் ஏறும். ஆபீஸ் துரை காதுக்குப் போகும். வண்டிக்கு எண்ணெய் முழுக்காட்டிய குமாஸ்தா என்று ஊரே சிரிக்கும். உண்மையில், வேலையைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் அதிகம் பயந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போனேன். சீயக்காய்த் தூளைக் கிண்ணத்தில் எடுத்துக் குழைத்தேன். மனைவி என் தாடைக் காயத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். எண்ணெய் விஷயத்தையும் சொன்னேன், அவளிடம் மறைக்க முடியாது. ஸ்டேஷன், தகடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"இப்ப எதுக்குக் கழுவுறீங்க?"

"நாளைக்கு ஓட்டணுமே. இப்படியே ஓட்டினா ஆபத்தில்லையா?"

குழைத்த சீயக்காயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆபத்து என்று நான் சொன்னது எந்த ஆபத்தை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கே அப்போதுதான் புரிந்தது. எண்ணெய் போய்விட்டால், பிரேக் பிடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி எதுவும் இருக்காது. அப்புறம் நான் சொல்வதுதான் நடந்ததாக ஆகிவிடும்.

"நாளைக்குத் தள்ளிக்கிட்டே போங்க" என்றாள். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

காலையில் காய்ந்த சாமந்தி தொங்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சரிவில் இறங்கினேன். தெரிந்தவர்கள் பஞ்சரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஸ்டேஷன் வாசலில் ரிக்‌ஷாக்காரர் முழங்காலில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்தா மாத்தா நோட்டை எடுத்தார். நான் பேசுவதற்கு முன்னால் சைக்கிளை அவரிடம் தள்ளிவிட்டு, "பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், துவான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன்.

அவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிடித்தார். மறுபடி பிடித்தார். "பிரேக் தா மாக்கான்" என்றார். பிரேக் பிடிக்காததை, பிரேக் சாப்பிடவில்லை என்பார்கள் அவர்கள். விரலால் வளையத்தைத் தடவி முகர்ந்தார். என்ன இது என்று கேட்டார். சாமிக்குச் செய்தது என்றேன். எந்தச் சாமி பிரேக்குக்கு எண்ணெய் கேட்டது என்று அவர் கேட்டதும் ஸ்டேஷனே சிரித்தது. நான் பயந்த சிரிப்பு அதுதான். காது மடல் சுட்டது, அவ்வளவுதான், நான் செத்துப்போகவில்லை. அவர் நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார். தகட்டை ரிக்‌ஷாக்காரரிடம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவரிடம் போய், தப்பு என்னுடையது என்று மலாயில் சொன்னேன். அவர் தகட்டைத் தன் வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தார். பூட்டி முடித்து, ஒரு தடவை ஆட்டிப் பார்த்து, ஏர்க்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி போனார்.

வளையத்தை மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போட்டுக் கழுவினேன். புதுப் பிரேக் கட்டை மாட்டினேன். தினமும் வாசலிலேயே பிரேக்கைச் சோதித்துவிட்டுத்தான் ஏறினேன். முச்சந்திக்குப் பத்தடி முன்னால் இறங்கி நடக்கவும் பழகிக்கொண்டேன். அதற்குப் பிறகு பல வருஷம் அந்த ரிக்‌ஷாக்காரரை அங்கே அநேகமாகத் தினமும் பார்த்தேன். நான் சரிவில் வருவது தெரிந்தால், சவாரி இருந்தாலும் சரி, வண்டியைச் சாலையை விட்டே இறக்கிப் புல்மேல் நிறுத்திவிடுவார். லாரிக்குக்கூட அவர் அப்படி ஒதுங்கியதில்லை. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் போவேன். அப்போதும் அவர் என்னைப் பார்த்தபடியே நிற்பார். நான் முழுக்கக் கடந்து போன பிறகுதான் சாலையில் காலை வைப்பார்.