பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு பரீட்சை

போன ஞாயிறு பாரிவாக்கத்தில், சர்ச்சில் ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை கொடுத்ததற்கு விருந்து. பிரியாணி முடிந்து, ஐஸ்கிரீம் கப்போடு எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்ட நேரம். சார்லஸ் எழுந்தார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தரையில் தவழ்ந்து காட்டினார்.

நாற்பத்தைந்து வயது மனிதர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்.

“இப்டித்தான்… பூன மாதிரி போனேன். அப்பவும் அந்த கேமரா புட்சிக்கிச்சு” என்றார்.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும்தான். பாதிச் சிரிப்பில் எதிர் நாற்காலியைப் பார்த்தேன். அவர் மனைவி எஸ்தர், கரைந்துபோன ஐஸ்கிரீமைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

எஸ்தர் என் ரயில் சிநேகிதி. திருநின்றவூரில் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் சேர்ந்து ஏறி, அம்பத்தூரில் சேர்ந்து இறங்குவோம். கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில், செக்கிங் செக்‌ஷனில் பல வருடங்களாக இருக்கிறாள். அந்த செக்‌ஷனின் இன்சார்ஜ் சீக்கிரம் ரிட்டையர் ஆகிறார். ‘அந்த இடம் உனக்குத்தாம்மா. ஆனா ஒரு டிகிரி வேணும்’ என்று போன வருடம் மேனேஜர் சொன்னார். அவர் ரிட்டையர் ஆக அப்போது மூன்று வருடம் இருந்தது. எஸ்தர் படித்தது பிளஸ் டூ.

இரண்டு வழி. பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறு வகுப்பு. இல்லையென்றால் ஆன்லைன். எஸ்தருக்குக் கல்லூரிதான் ஆசை. ஆனால் வீட்டில் வேறு மாதிரி முடிவானது.

“ஆன்லைன்ல சேந்துடு. ஊட்டு வேலையும் ஆவும், படிப்பும் ஆவும்” என்றார் சார்லஸ்.

கவனித்தீர்களா… எது முதலில் வருகிறது என்று? உனக்குத்தான் வசதி, உனக்குத்தான் வசதி என்று மாமியாரிலிருந்து நாத்தனார் வரை அவளிடம் சொன்னார்கள். உண்மையில் வசதி யாருக்கு? பிள்ளைகளின் அம்மா வீட்டை விட்டு நகர மாட்டாள். சாம்பார் நேரத்துக்குக் கொதிக்கும். வீட்டில் ஒருத்தி படிக்கிறாள் என்பதே யாருக்கும் தெரியாமல் ஒரு படிப்பு!

இந்த ஆன்லைன் படிப்பு விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னலோரம் ஒரு பெண். லேப்டாப். காபி. பக்கத்தில் ஒரு தொட்டிச் செடி. எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாமாம்! அந்த வீட்டில் வேறு யாருமே இல்லை, பார்த்தீர்களா? செடி மட்டும்தான். அது டிபன் ரெடியா என்று கேட்காது.

எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம்தான். பரீட்சை என்று வந்தால் கதை வேறு. மூடிய அறையில் தனியாக உட்கார வேண்டும். லேப்டாப் கேமராவைச் சுற்றிக் காட்டி, அறையில் ஆள் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். எழுதி முடிக்கும்வரை வேறு ஒருவர் தலை தெரியக் கூடாது.

எஸ்தர் இருப்பது வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு கிச்சன், கதவு உள்ள ஒரே ஒரு அறை. எல்லோருடைய துணியும் சாமானும் இருக்கிற பீரோவும் அதே அறையில்.

முதல் வருடப் பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியலில் எழுந்து, டிபன் செய்து, புருஷனையும் பிள்ளைகளையும் சர்ச்சுக்கு, ஞாயிறு பூசைக்குக் கிளப்பிவிட்டாள். கொஞ்ச நேரம் மிக்ஸி போடாதீர்கள் என்று பக்கத்து வீட்டில் கெஞ்சினாள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் படிப்பது சார்லஸ் முறை. கோயில் வாசலில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கண்ணாடி இல்லை. அது பீரோ மேல்.

திரும்பி வந்தார். சத்தம் போடக் கூடாது என்று அவருக்குத் தெரியும். கேமராவில் தெரியக் கூடாது என்றும் தெரியும். அதனால் கதவை மெல்லத் திறந்து, தவழ்ந்து பீரோவரைக்கும் போயிருக்கிறார். ஆனால் பீரோ மேல் இருப்பதைத் தவழ்ந்துகொண்டே எடுக்க முடியுமா? எஸ்தரின் முதுகுக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை எழுந்தது. அப்புறம் ஒரு கை.

அவ்வளவு பெரிய கோயிலில் கண்ணாடி போட்டவர் இன்னொருவர் இல்லையா? கேட்டு வாங்கினால் ஆகாதா?

சில நாளில் மெயில் வந்தது. அறையில் இன்னொரு ஆள், பரீட்சை ரத்து, ஒரு வருடம் எழுதத் தடை. அவர் என் வீட்டுக்காரர், கண்ணாடி எடுக்க வந்தார் என்று எஸ்தர் பதில் போட்டாள். விதி விதிதான் என்று ஒரு வரி திரும்பி வந்தது. ஒரு வருடம் போனது, இன்சார்ஜ் கனவும் அதோடு போனது. டிகிரி கைக்கு வருவதற்குள் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

சார்லஸ் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார். எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவராக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுப் போகலாம். இவர் உண்மையாகவே கேட்கிறார்: “இவளுக்கோசரம் தவழ்ந்துகினு போனேன் மேடம். எந்தப் புருசன் போவான், நீங்களே சொல்லுங்க?”

அன்றைக்கு வாசகம் அருமையாக அமைந்ததாம். ஃபாதரே கைகொடுத்தாராம். அதையும் விருந்தில் சொன்னார். எஸ்தரின் பரீட்சை என்ன ஆனது என்று அந்த வட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ரயிலில் எஸ்தர் மெதுவாகச் சொன்னாள். “பூந்தமல்லி காலேஜுல சேந்துட்டேன்க்கா. மறுபடியும் ஃபர்ஸ்ட் இயர்.”

“சார்லஸ் என்ன சொன்னாரு?”

“ஞாயித்துக்கிழம சோறு யாரு ஆக்குவான்னாரு. நான் ஃபீஸ் கட்டிட்டுத்தான் சொன்னேன்.”

“இதுவும் மூணு வருஷமாச்சே எஸ்தர்… அந்த வேலை?”

“அது போச்சுக்கா. தெரியும்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி அண்ணனூரைத் தாண்டியது. அப்புறம் கேட்டாள்: “காலேஜுல கிளாஸ் ஆரம்பிச்சா கதவ சாத்திடுவாங்க இல்ல?”

“சாத்திடுவாங்க.”

“வெளிய கீறவங்க வெளியவே நிக்கணும் இல்ல?”

“ஆமா.”

“அது போதும்க்கா.”

டிகிரியெல்லாம் அப்புறம். அவள் ஃபீஸ் கட்டியிருப்பது அந்தக் கதவுக்கு.