நீலக் கிளிப்

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நடந்தது வெள்ளிக்கிழமை, இன்று புதன். யாராவது பின்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது.

எங்கள் ஆலையில் கதவுக் கீல் செய்கிறோம். பிரஸ் மெஷினில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவளை எக்ஸ்பிரஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவள் நான். மற்றவர்கள் ஷிப்டுக்கு இரண்டாயிரம் தகடு அடித்தால் அவள் மூவாயிரம் அடிப்பாள். வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை பேசும், கை ஒரு பக்கம் ஓடும். சூப்பர்வைசர் நடக்கிற நடையை உட்கார்ந்த இடத்திலேயே தோளை ஆட்டிக் காட்டி எங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாள். அப்போதும் கை நிற்காது.

அந்த வேகம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். கை இரண்டும் வெளியே இருக்கட்டும் என்று எந்தப் புண்ணியவானோ யோசித்துச் செய்த ஏற்பாடு. நாங்கள் அவனைவிடக் கெட்டிக்காரிகள் ஆயிற்றே. இடது பட்டனை அமுக்கி, அதன் இடுக்கில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றைச் செருகிவிட்டால் அது அமுங்கியே கிடக்கும். வலது கை பட்டனை அடிக்கும், இடது கை உள்ளே போய்த் தகட்டை வைக்கும். லைனில் ஆளுக்கொரு கிளிப். எக்ஸ்பிரஸுடையது நீலம். வெளியாட்கள் வந்தால் எல்லாம் பாக்கெட்டுக்குள் போய்விடும். சூப்பர்வைசர் கண்டும் காணாமல் போவார்.

என்னுடையது மஞ்சள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அச்சு இறங்கி என் இடது ஆள்காட்டி விரலில் பாதி போயிற்று. என்னை, செய்த கீல்களை அளந்து பார்க்கும் பரிசோதனை மேஜைக்கு மாற்றினார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே லைனில் கிளிப்புகள் மறுபடி ஏறிவிட்டன என்று கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு அது அதிர்ச்சியாகவே இல்லை.

இந்த வருஷம் பக்கத்துப் பள்ளியும் எங்கள் ஆலையும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று நாள் பள்ளிக்குப் போவார்கள், இரண்டு நாள் இங்கே வந்து தொழில் பழகுவார்கள். இரண்டு வருஷம் முடித்தால், அச்சுகளைச் செய்யும் டூல் ரூமில் நிரந்தர வேலை. தேர்வான பன்னிரண்டு பேரில் எக்ஸ்பிரஸின் மகளும் ஒருத்தி. அன்றைக்கு அம்மாக்காரி தரையில் நடக்கவே இல்லை.

"அவ என்னை மாதிரி பிரஸ்ல உக்காரக் கூடாதுடி" என்றாள் என்னிடம். "டூல் ரூம்ல நிக்கணும். அவ செய்யிற அச்சுலதான் நான் தகடு அடிக்கணும்."

பிள்ளைகள் முதல் ஆறு மாதம் மெஷினைத் தொடக் கூடாது. பார்க்கலாம், என் மேஜையில் கீல்களை அளந்து பழகலாம், பார்த்ததை டைரியில் எழுதலாம். டைரியில் நான் கையெழுத்துப் போட வேண்டும். மகள் அம்மாவுக்கு நேர் எதிர். பேச்சு குறைவு, கண் பெரிது. இரண்டாம் நாளே என் விரலைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். கதவில் நசுங்கிவிட்டது என்றேன். கீல் செய்கிற இடத்தில் வேறு என்ன பொய் வாயில் வரும்?

வெள்ளிக்கிழமை கேன்டீனில் முதல் மாதக் கூட்டம். மேனேஜர், பள்ளி ஆசிரியை, பிள்ளைகள், பெற்றோர், கையெழுத்துப் போட்டவள் என்பதால் நானும். இருப்பதிலேயே அருமையான டைரி என்று எக்ஸ்பிரஸின் மகளுடையதை எடுத்து ஆசிரியை சத்தமாகப் படித்தார். எக்ஸ்பிரஸுக்கு முகமெல்லாம் பல். பிரஸ் மெஷினின் பாகங்கள்: மேல் அச்சு, கீழ் அச்சு, வலது பட்டன், இடது பட்டன், இடது பட்டனுக்கான நீலக் கிளிப். பக்கத்தில் படமும் போட்டு அம்புக்குறியும் காட்டியிருந்தாள்.

ஆசிரியை நிமிர்ந்து, "இந்த கிளிப்புக்கு என்ன வேலை சார்?" என்றார். வெள்ளை மனசோடுதான் கேட்டார்.

மேனேஜர் டைரியை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்படி ஒன்று இந்த ஆலையில் இல்லவே இல்லை என்றார். கீழே என் கையெழுத்தைக் காட்டி என்னைக் கேட்டார். நான் ஒரு பக்கத்தையும் படிக்காமல் போட்ட கையெழுத்து அது. கவனிக்கவில்லை சார் என்று முணுமுணுத்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். இல்லாததை எழுதுகிற பிள்ளையை இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று அவர் ஆசிரியையிடம் சொன்னார்.

மகள் எழுந்து, "நான் பார்த்தேன் சார்" என்றாள். யாருடைய மெஷினில் என்று சொல்லவில்லை. அம்மா பக்கம் திரும்பவும் இல்லை.

எக்ஸ்பிரஸ் எழுந்தாள். பாக்கெட்டிலிருந்து நீலக் கிளிப்பை எடுத்து மேஜையில் வைத்தாள். "பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கா சார். இது என்னோடது. என்னை என்ன வேணா பண்ணுங்க, அவளை அனுப்பாதீங்க."

வேலை போனால் அந்த வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். மகளுக்கு மட்டும் முகம் தெளிந்துவிட்டது, தன்னைப் பொய்க்காரி இல்லை என்று அம்மா சொல்லிவிட்டாளே. அந்தச் சந்தோஷத்தில் தன் சட்டைப் பையில் கையை விட்டாள். வெளியே வந்தது ஒரு சிவப்புக் கிளிப்.

"வீட்டுக் கொடியிலேருந்து எடுத்தேன்மா. எனக்கு மெஷின் குடுக்கறப்போ வேணும்ல?"

பத்தொன்பது வருஷத்தில் எக்ஸ்பிரஸ் வாயடைத்து நின்று நான் பார்த்தது அன்றுதான். மெதுவாகப் போய் மகளின் இடது கையைப் பிடித்தாள். பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டே போனாள், பிறந்த குழந்தையின் விரல்களை எண்ணிப் பார்ப்பதுபோல. சுண்டுவிரலுக்கு வந்ததும் மறுபடி பெருவிரலுக்குப் போனாள்.

ஆசிரியைதான் கடைசியில் பேசினார். பட்டன்களைச் சரிசெய்யும்வரை ஒரு பிள்ளையையும் பிரஸ் பக்கம் விடமாட்டேன், சாட்சிக்கு இந்த டைரியும் என்னிடமே இருக்கும் என்றார். எக்ஸ்பிரஸுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். மகளின் இடம் தப்பியது. திங்களன்று லைனிலிருந்து ஒரு டப்பா நிறையக் கிளிப் சேர்ந்தது. இனி எதையும் செருக முடியாதபடி பட்டன்களுக்கு மூடி போடுகிறார்கள்.

இன்று மகள் என் மேஜைக்கு வந்தாள். வெகுநேரம் கீல்களை அளந்துகொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பார்த்தபடி கேட்டாள்.

"உங்களுக்குக் கதவுலதான் நசுங்குச்சா அத்தை?"

"இல்லம்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், மஞ்சள் கிளிப் உட்பட.

சாயங்காலம் புது டைரியை நீட்டினாள். இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.