மாட்டுப் பொங்கலில் கழுவிய விமானம்

மூவாரில் மரச்சாமான் பட்டறை, மாசாயில் இரண்டு வீடு, கோயிலுக்கு முகப்பு வளைவு... மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் தனி ஆளாகக் கட்டியவை. இதே கைதான் ஒரு பயணிகள் விமானத்தை எரிய விட்டது. என் கூட்டாளி அந்தோணியைக் கொன்றதும் இதே கைதான்! எழுத வந்த உங்களிடம் சொல்லிவிட்டேன்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். பெக்கான் நானாஸ் பக்கம், எங்கள் தோட்டத்தை ஒட்டிய திடலில் நின்றது அந்த விமானம். வரிசையாகச் சன்னல்கள், மெத்தை இருக்கைகள்... போருக்கு முன் துரைமார் குடும்பத்தோடு பறந்தது. எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. அதை ரப்பர் மரங்களுக்கு அடியில் இழுத்து மறைத்தவை என் மாடுகள். அந்த வட்டாரத்தில் வேறு எவன் மாட்டுக்கு அந்த வலு இருந்தது?

இலை உதிர்ந்து மரங்கள் மொட்டையாயின. வெள்ளைக்காரன் விமானங்கள் மேலே வரத் தொடங்கியிருந்த நேரம். அலுமினிய முதுகு மின்னக் கூடாதென்று ஜப்பான்காரர்கள் சேறு பூசச் சொன்னார்கள். அது அந்தோணியின் வேலை.

மாட்டுப் பொங்கல் விடியல். மாடுகளைக் குளிப்பாட்டினேன், வண்டிகளைக் கழுவினேன். மாடு இழுத்ததையெல்லாம் கழுவிப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அப்படியானால் விமானம்? அதையும் என் மாடுதானே இழுத்தது!

பாதி கழுவியிருந்தபோது அந்தோணி ஓடி வந்தான்.

"டேய், இத விடுலா! பாத்தானுங்கன்னா என் தல போயிடும்."

"அப்புறமா பூசிக்கடா. நல்ல நாளும் அதுவுமா சேத்தோட நிக்கணுமா? ஒங்க சாமிக்கு மாட்டப் பத்தி என்னா தெரியும்?"

"எங்க சாமி பொறந்ததே மாட்டுக் கொட்டாயிலதான்டா!"

சிரித்துக்கொண்டே, புதுச் சேறு அள்ளப் போனான்.

கழுவியதில் குறை சொல்ல முடியாது... முகம் பார்க்கலாம்! அவன் திரும்புமுன் குண்டு விழுந்தது. இருக்கைப் பஞ்சு எரியும் வாடை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாலையில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள்.

"சேறு பூசுறவன் எவன்?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

எல்லா விரல்களும் அந்தோணியைக் காட்டின. என் விரலும்.

அவன் என்னைப் பார்த்தான். கழுவியவன் நான் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை...? லாரியில் ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை.

அழுதேனா? இல்லை. மறுநாள் மாடுகளுக்குப் புல் அறுத்தேன்.

சேறு பூசாமல் தூங்கிவிட்டான் என்றுதான் அவன் பிள்ளைகளே இன்றுவரை நம்புகிறார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

கோயில் வளைவில் 'உபயம்' என்று என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. இதற்கும் என் பெயரைப் போடுங்கள்! கழுவியவன் நான். விரல் நீட்டியவனும் நான். என் கை செய்ததை அந்தோணி பெயரில் எழுதாதீர்கள்.