ஜன்னலில் ஒரு சிவப்புக் கோடு

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் போய் உட்கார்ந்ததும் போன். எஸ்தரின் தம்பி. "அக்கா காலைல போயிட்டா சார்" என்றார். போனை வைத்துவிட்டு, பாதியில் நின்ற கடிதத்தை முடித்தேன். எனக்கு அழுகை உடனே வராது. எங்கள் கணினி மையத்துக்காரர்களுக்கு என்னையும் தெரியும், கிட்வாய் நகரிலிருந்து பஸ்ஸில் வரும் எஸ்தரையும் தெரியும். டெல்லியில் இருபது வருடம் இருந்தும் அவருடைய திருநெல்வேலிப் பேச்சு மாறவே இல்லை.

நாங்கள் ஒரே கிரேடு. வரைபடம் போடும் புரோகிராம் தொகுப்பு எங்கள் இருவர் பொறுப்பு. பல இலாகாக்காரர்கள் எண்களைத் துளையிட்ட கார்டுக் கட்டைக் கொடுத்துவிட்டு, பேனா பூட்டிய இயந்திரம் வரைந்த தாளை வாங்கிப் போவார்கள். தாளின் உயரம் எதிலிருந்து எதுவரை என்று அளவு சொல்லாவிட்டால் தொகுப்பு தானாகவே பூஜ்யம் முதல் பத்துவரை எடுத்துக்கொள்ளும். சின்ன எண்களெல்லாம் தாளின் அடியில் ஒட்டிக் கிடக்கும். எட்டு வருடத்துக்கு முன் ஒருநாள் எனக்கு அது கண்ணை உறுத்தியது. கோடு தாள் முழுக்கப் பரவும்படி மாற்றி எழுதினேன்.

"நல்லாத்தான் இருக்கு. பழசை நம்பி இருக்கவங்ககிட்ட கேட்டியளா?" என்றார் எஸ்தர்.

"அவங்கதான் அளவே சொல்லலையே!"

"சொல்லாததையும் நம்பித்தான் சார் இருக்காவ."

எனக்குக் கோபம். அவர் லீவு போட்ட நாளில் புதியதை ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலை விஷயம் தெரிந்ததும் அவர் முதலில் போனைத்தான் எடுத்தார். யமுனை நீர்மட்டம் பார்க்கும் எஞ்சினியர் ஒருவர், எங்கள் தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்துத்தான் பார்ப்பார். அபாய மட்டத்துக்குக் கண்ணாடியிலேயே சிவப்புக் கோடு போட்டிருந்தார். ஓரத்து எண்களைப் படிக்கவே மாட்டார். ஆறு வழக்கம்போல மூன்று மீட்டரில்தான் ஓடியது. என் தாளில் அது சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது.

போன் கிடைக்கவில்லை. "நீங்க இருங்க, நான் போய்ட்டு வாரேன்" என்று ஆட்டோ பிடித்துப் போனார். அதற்குள் எஞ்சினியர் வெள்ள எச்சரிக்கை கொடுத்து, கரையோரக் குடிசைகளிலிருந்து சில குடும்பங்கள் சட்டி பானையோடு சாலைக்கு வந்துவிட்டிருந்தன. திரும்பி வந்தவர், "சொல்லியாச்சு" என்றார். அவ்வளவுதான்.

அன்றே பழையதைத் திரும்ப ஏற்றினோம். புதியதற்கு வேறு பெயர் வைத்தார். பழையதைக் கொண்டு வரைந்த ஒவ்வொரு தாளின் கீழும், இது மாறப்போகிறது என்று ஒரு வரி விழும்படி செய்தார். ஒவ்வொரு இலாகாவுக்கும் நேரில் போய்ச் சொன்னார். எல்லோரும் சரி என்ற பிறகே புதியது வழக்கமானது. ஒன்றரை வருடம் ஆயிற்று. என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை.

அடக்கத்துக்கு அந்த எஞ்சினியரும் வந்திருந்தார். "அன்னிக்கு இவங்கதான் ஓடி வந்தாங்க. 'தப்பு என்னுது, நான்தான் மாத்தினேன்'னு கைகூப்பி நின்னாங்க. அப்புறம்தான் எனக்கு உங்க மெஷின் மேலேயே நம்பிக்கை வந்துது" என்று ஹிந்தியில் சொன்னார்.

எட்டு வருடமாக எனக்கு அது தெரியாது. "அவங்க இல்லை, நான்தான்" என்றேன். அப்போதுதான் அழுதேன்.

அன்றைய தப்பான தாளை எஸ்தர் எஞ்சினியரிடமிருந்து வாங்கி வந்து எங்கள் கோப்பில் வைத்திருந்தார். நேற்றுத் தேடி எடுத்தேன். ஓரத்தில் 'பிழை' என்று அவர் கையால் எழுதியிருக்கிறது, யாருடையது என்று பெயர் இல்லை. அந்த இடத்தில் என் பெயரை எழுதி வைத்துக்கொண்டேன்.