குளவி கட்டிய இடம்

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும், வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த பொட்டுக்குள்ளால் வந்து, பூச்சிகளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் செய்யச் சொன்னதாம். தகப்பன் வெங்காயத் தோட்டக்காரர். "நான் மருந்தடிச்சுக் கலைக்கிறன், நீங்கள் வீடு கட்டிக் குடுக்கப் போறியளோ?" என்று ஏசிக் கலைத்துவிட்டாராம். அதனால்தான் என் வளவைத் தேடி வந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமும் வந்தது. என் கணவருக்கு வவுனியாவில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மற்ற நாட்களில் என் வளவுக்குள் வருவது தேங்காய் பிடுங்குகிறவரும் காகங்களும்தான்.

பழைய பழப்பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்தோம். மூங்கிலையும் ஆமணக்குத் தடியையும் விரல் நீளத்துக்கு வெட்டி அடுக்கினோம். மேல் தட்டில் காய்ந்த பனங்கொட்டைக் கோதுகளை வைத்தோம். பெரியவளுக்கு ஒன்பது வயது. "அன்ரி, உது கோணல்" என்று என்னையே திருத்தினாள். பெட்டியை வேம்பின் கீழ்க் கொப்பில் கட்டினோம். அன்று தொடங்கி ஒவ்வொரு பின்னேரமும் வந்து பார்ப்பார்கள். எறும்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. "அதுகளுக்கு விலாசம் தெரியாது அன்ரி" என்றான் சின்னவன். நான் தேத்தண்ணி ஊற்ற, மூவரும் பிஸ்கற் தின்றுகொண்டு வராத பூச்சிகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்போம். உண்மையைச் சொன்னால், பூச்சி வந்தாலென்ன, வராவிட்டாலென்ன. நாலு மணியானால் என் காது பொட்டடியில்தான் கிடக்கும்.

பிறகு குளவி வந்தது. பாவி, அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய பெட்டியை விட்டுவிட்டு வீட்டுக்குள் புகுந்து, என் அறைக் கதவு நிலையில் மண் குழைத்து அப்பியது. பிள்ளைகளுக்கு அதுவும் வெற்றிதான். உள்ளே குஞ்சு இருக்கும் என்று சின்னவன் கதிரையில் ஏறிக் காதை வைத்துக் கேட்டான். அவர்களைக் கூப்பிட வந்த தாயும் எட்டிப் பார்த்தாள்.

"அட, குளவி கட்டினா அந்த வீட்டிலை பிள்ளை பிறக்கு..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். முகம் செத்துப்போயிற்று. "நேரம் போட்டுது, நாங்கள் வாறம் அக்கா" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனாள்.

இங்கே எல்லோரும் சொல்கிற கதைதான் அது. கலியாண வீடுகளில் வேண்டுமென்றே குத்தியவர்களை எல்லாம் கண்டவள் நான். இவள் வாய் தவறியதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் பிள்ளைகள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வேலிக்கு அப்பால் அவர்கள் விளையாடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒழுங்கையில் என்னைக் கண்டால் தாய் தலையைக் குனிந்துகொண்டு போனாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வெட்கம் அவளுக்கென்றால் அவள் வராமல் இருக்கட்டும். பிள்ளைகளை ஏன் மறிக்க வேண்டும்?

ஒரு பின்னேரம் பொறுக்க ஏலாமல் நானே பொட்டுக்குள்ளால் போனேன். "பிள்ளையளை விடு. அதுகள் வராமல் எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றேன். அவ்வளவு வெளிப்படையாகக் கேட்பேன் என்று நானே நினைக்கவில்லை. அவள் கண் கலங்கி, "ஓம் அக்கா" என்றாள்.

மறுநாள் வந்தார்கள். தலை வாரி, பவுடர் பூசி, விருந்துக்குப் போகிற பிள்ளைகள்போல. பெட்டியைப் பார்த்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள். "தாங்க்ஸ் அன்ரி" என்றாள் பெரியவள். முன்பு ஒருநாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. கதவு நிலையை நிமிர்ந்து பார்த்த சின்னவன் "குஞ்சு..." என்று தொடங்க, தமக்கை அவன் தொடையில் கிள்ளினாள்.

"குஞ்சு எண்டு சொல்லு ராசா. எனக்கு நோகாது" என்றேன்.

அவன் தமக்கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "நோகுமெண்டு அம்மா சொன்னவ. இனி உங்களோடை கவனமாக் கதைக்கட்டாம்."

அப்போதுதான் எனக்கு நொந்தது.