வேதவதியின் அபிப்பிராயம்

திருச்சி ரயில்வே ஆபீஸில் ஒரு படம் தேறுமா தேறாதா என்று சொல்வது சேஷுவின் அதிகாரம். குமாஸ்தாதான். ஆனால் திங்கட்கிழமை காலையில் நாலு பேர் அவர் மேஜையைச் சுற்றி நின்று, "படம் எப்படி சார்?" என்று கேட்காவிட்டால் அவருக்கு அந்த வாரமே ஓடாது. அவர் மட்டம் என்றால் யாரும் டிக்கெட் வாங்கமாட்டார்கள்.

1929-ல் ஒரு பிரெஞ்சுப் படம் வந்தது. ஊமைப்படம். மத்தியானம் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் முடியும் என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். இவ்வளவு நீளமென்றால் சண்டையும் நிறைய இருக்கும் என்று நம்பிக் கூட்டம் சேர்ந்தது. சேஷுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் தடவையாக மனைவி வேதவதியை அழைத்துக்கொண்டு போனார். அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். ஆபீஸ் சிநேகிதர் நிஜாமுதீனின் மனைவி சாரா பீவி பக்கத்தில் இருந்தாள்.

படத்தில் ஒருத்தி ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். துணி மடித்தாள். வெளியூர் போன புருஷனுக்குத் தட்டு வைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவர், சொல்ல ஒன்றும் அகப்படாமல் சோடா குடிக்கப் போய்விட்டார். தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. பாதிப்பேர் எழுந்து போனார்கள். சேஷு தூங்கிவிட்டார்.

மறுநாள் ஆபீஸில், "வெள்ளைக்காரி மாவு பிசையறதைப் பார்க்க டிக்கெட் எதுக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நிஜாமுதீன் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க வீட்ல வேற மாதிரி சொல்றாங்க, சார். அந்தப் பொம்பளை புருஷனுக்காகக் காத்திருக்கலையாம். அவன் வராத வரைக்கும்தான் அவளால நிம்மதியா சாப்பிட முடியுதாம். உங்க வீட்டம்மா சொன்னாங்களாம்."

சிரிப்பு நின்றது. ஒருவர், அப்படியானால் இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்றார். சாயந்திரத்துக்குள் ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. படத்தைத் திட்டியவர்கள்கூட, ஜன்னல் பக்கம் அவள் திரும்பவே இல்லை, கவனித்தீர்களா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சேஷுவை யாரும் கேட்கவில்லை. "உங்க வீட்ல வேற என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்கள்.

அவருக்கு வயிறு எரிந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் மட்டம் தட்டியிருப்பார். சொந்தப் பெண்டாட்டியை எப்படி மட்டம் தட்டுவது? தலைவலி என்று லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, தனியாக மறுபடியும் அந்தப் படத்துக்குப் போனார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ஒருத்தி உட்கார்ந்து சாப்பிடுவதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "அவ நிம்மதியா சாப்பிடறான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வேதவதி சாதத்தை வடித்துக்கொண்டிருந்தாள். "மெதுவா மென்னாளே. யாரும் கூப்பிடமாட்டாங்கற தைரியம் இருந்தாத்தான் அப்படிச் சாப்பிடமுடியும்" என்றாள். கஞ்சியை ஓரமாக வைத்துவிட்டு, "நான் சாப்பிடறதை நீங்க ஒரு நாளும் பாத்ததில்லையே" என்றாள். குறைபட்டுக்கொள்ளவில்லை. உப்பு தீர்ந்துபோயிற்று என்பதைப் போலத்தான் சொன்னாள்.

சேஷுவுக்கு அது சமாதானமாக இல்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்தவளுக்குத் தனியாக ஒரு மனசு ஓடிக்கொண்டிருந்தது, அதைச் சாரா பீவி தமக்கு முந்தியே கேட்டுவிட்டாள் என்பது இன்னும் எரிந்தது. அதன் பிறகு அவளைப் படத்துக்கு அழைத்துப் போகவே இல்லை. அவளும் கேட்கவில்லை.

பேசும்படம் வந்த சமயத்தில், சாரா பீவியே ஜட்கா வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்து வேதவதியைக் கூப்பிட்டாள். வேதவதி புடவை மாற்றிக்கொண்டு, "ஏன்னா, போயிட்டு வரேன்" என்றாள். சேஷு தடுக்கவில்லை, தனியாகவும் விடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்காரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

கொட்டகையில் ஆண்கள் பக்கம் இடம் பிடித்தார். திரையில் பாட்டு ஆரம்பித்தது. அவர் கழுத்தைத் திருப்பி, பெண்கள் பக்கம் இருட்டில் அவள் முகம் தெரிகிறதா என்று தேடினார். பின்னால் இருந்தவர், நேராக உட்காரச் சொல்லி அதட்டினார். கொஞ்ச நேரம் நேராக உட்கார்ந்துவிட்டு, மறுபடியும் திரும்பினார்.